முன்பணமும் கொத்தடிமையும்: தன் வேலையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல் சூளை, அரிசி ஆலை, கல்குவாரி, மரம் வெட்டும் வேலை என்று பேச்சு வந்தாலே சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அக்கறையோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள், "இதெல்லாம் இப்போ எங்கே இருக்கு" என்று சலித்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கூலி எவ்வளவு என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம். எங்கே வேலை செய்வது, எப்போது விட்டுப் போவது, எப்படிச் செய்வது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்பதில்லை. என் மனக்குறை அதுதான்.

கொத்தடிமை என்றால் சங்கிலி போட்டுக் கட்டி வைப்பதுதானே? அது இன்னுமா இருக்கிறது?

சங்கிலி தேவையே இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதற்கு முந்தைய அவசரச் சட்டத்தின் தொடர்ச்சியாக 1975 அக்டோபரிலிருந்தே அது நடைமுறையில் இருப்பதாகக் கணக்கு. அந்தச் சட்டம் சங்கிலியைப் பற்றிப் பேசவில்லை, கடனைப் பற்றித்தான் பேசுகிறது. ஒருவர் முன்பணம் வாங்கியதாலோ, அப்பா தாத்தா பட்ட கடனாலோ, ஊர் வழக்கத்தாலோ, ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்ததாலோ ஒருவரிடம் வேலை செய்யக் கட்டுப்பட்டு, அதனால் நான்கு உரிமைகளில் ஏதாவது ஒன்றை இழந்தால் அது கொத்தடிமை முறை.

முதலாவது, செய்த வேலைக்கு உரிய கூலி. இரண்டாவது, வேறு வேலைக்கோ வேறு பிழைப்புக்கோ போகும் உரிமை. மூன்றாவது, நினைத்த இடத்துக்குப் போய்வரும் உரிமை. நான்காவது, தன் பொருளையோ தன் உழைப்பில் விளைந்ததையோ சந்தை விலைக்கு விற்கும் உரிமை. இந்த நான்கில் கூலி ஒன்றுதான். மீதி மூன்றும் ஒரு மனிதர் தன் விருப்பப்படி நடப்பதைப் பற்றியவை. ஐம்பது வருடங்களுக்கு முன் இதை எழுதியவர்களுக்கு விஷயம் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

இன்னும் இருக்கிறதா என்றால், இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம், வேலூர், விழுப்புரம் பக்கமெல்லாம் மீட்பு நடந்த செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மீட்கப்படுபவர்களில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் அதிகம்.

அட்வான்ஸ் வாங்காத தொழில் எது? அப்படியானால் எல்லாமே கொத்தடிமையா?

இல்லை. தச்சருக்கு அட்வான்ஸ் கொடுக்கிறோம், மேளக்காரருக்குக் கொடுக்கிறோம். அவர்கள் நமக்கு வேலை செய்து முடிக்கும்வரை வேறு யாருக்கும் வேலை செய்யக்கூடாது என்று யாரும் சொல்வதில்லை. வராமல் போனால் பணத்தைத் திருப்பிக் கேட்போம், சண்டை போடுவோம், அவ்வளவுதான். அவர் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிடித்து வைப்பதில்லை.

முன்பணம் கொடுத்தவர், அதைக் காட்டி, வாங்கியவரின் உடம்பையும் நேரத்தையும் தன் வசம் வைத்துக்கொள்கிறாரா? அதைத்தான் பார்க்க வேண்டும். ஊருக்குப் போக அவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறதா? சாவுக்குப் போனாலும் குடும்பத்தில் ஒருவரை விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்களா? பக்கத்துச் சூளையில் கூடுதல் கூலி கிடைத்தாலும் போக முடியாதா? இதற்கெல்லாம் "ஆமாம்" என்று பதில் வந்தால், பணம் ஐயாயிரமாக இருந்தாலும் ஐம்பதாயிரமாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

சூளையில் கணக்கு எப்படித்தான் ஓடுகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் ஒரு கணக்கு நோட்டுக்குள்தான் நடக்கிறது.

பொங்கல் முடிந்ததும் சீசன் தொடங்கும், மழை வரும்வரை ஓடும். அதற்கு முன்பே, வேலை இல்லாத மழை மாதங்களில், சூளைக்கு ஆள் சேர்த்துத் தரும் மேஸ்திரி வந்து குடும்பத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். அந்தக் காசு ஆஸ்பத்திரிக்கோ, கல்யாணத்துக்கோ, பழைய முதலாளியின் பாக்கிக்கோ போய்விடும். சூளைக்கு வந்தால் புருஷன் பெண்டாட்டி சேர்ந்துதான் வேலை. இரவே மண்ணைக் குழைத்து வைத்துவிட்டு, வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும் என்று விடியலுக்கு வெகு முன்பே எழுந்து அச்சில் கல் அறுக்கிறார்கள். அறுத்த கல்லைக் காயக் காயத் திருப்பிப் போடுவதும் அடுக்குவதும் பெண்களும் பிள்ளைகளும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறது. ஆயிரம் கல்லுக்கு 800 ரூபாய். வாரத்துக்கு 6,000 கல் அறுத்தால் 4,800 ரூபாய். அதில் வாரச் செலவுக்கு என்று 1,500 ரூபாய் கையில் கொடுக்கிறார்கள். மீதி 3,300 கடனில் கழிய வேண்டும். அப்படிக் கழிந்தால் பதின்மூன்றாவது வாரம் கடன் தீர்ந்துவிடும், அதற்கு மேல் உழைப்பதெல்லாம் கையில் நிற்கும்.

ஆனால் நோட்டு முதலாளியிடம் இருக்கிறது, எழுதுவது அவருடைய ஆள். மழையில் கரைந்த கல் கணக்கில் வராது. உடைசலுக்கு என்று ஆயிரத்துக்கு மேல் கூடுதலாக எண்ணி வாங்கும் இடங்கள் உண்டு. காய்ச்சலில் படுத்த வாரம் வரவு கிடையாது, ஆனால் அந்த வாரச் செலவுக் காசும் மாத்திரைக் காசும் பற்றில் ஏறும். திருவிழாவுக்கு வாங்கிய கைமாற்று ஏறும். சீசன் முடிந்து கணக்குப் பார்க்கும்போது, "இன்னும் பதினைந்தாயிரம் நிக்குது" என்று முதலாளி சொல்வார். மறுத்துப் பேச குடும்பத்திடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. அப்புறம் என்ன, அடுத்த பொங்கலுக்கும் அதே சூளைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நோட்டில் ஆணின் பெயர் மட்டும்தான் இருக்கும். அந்தப் பெண் புரட்டிப்போட்ட ஆயிரக்கணக்கான கல்லுக்குத் தனியாக ஒரு வரி கிடையாது. அவள் எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை, எந்தப் பணமும் வாங்கவில்லை. ஆனாலும் கட்டுண்டு கிடக்கிறாள். ஒருவர் வாங்கிய கடனுக்காக அவர் குடும்பத்தார் உழைப்பதையும் சட்டம் கொத்தடிமை என்றே சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

அவர்களாக விரும்பித்தானே வந்தார்கள்? யாரும் கையைப் பிடித்து இழுத்து வரவில்லையே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகவும் தோன்றும். 1982-இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டுமான வேலை செய்த தொழிலாளர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கட்டாயம் என்பது அடி உதை மட்டுமல்ல, பசியும் வறுமையும் வேறு வழியில்லாமையும் ஒருவரைக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்ய வைத்தால் அதுவும் கட்டாயம்தான் என்றது நீதிபதி பகவதியின் தீர்ப்பு.

என் பதில் இன்னும் எளிமையானது. முதல் நாள் உள்ளே வரும்போது ஒருமுறை சம்மதித்தது போதுமா? நாற்பதாவது நாள் "எனக்கு இது வேண்டாம்" என்று சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் முதல் நாள் சொன்ன "சரி"க்கு மதிப்பில்லை. நம்மில் யாரும் வேலைக்குச் சேரும் அன்றே நம் விருப்பத்தை முழுசாக எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. பிடிக்காவிட்டால் விடலாம் என்ற நம்பிக்கையில்தான் சேர்கிறோம், அந்த நம்பிக்கையில்தான் மேலாளர் கத்தினால் பதில் பேசுகிறோம். அந்த ஒரு கதவை அடைத்துவிட்டால் மற்ற எல்லா உரிமையும் தானாகப் போய்விடும். கூலி உயர்த்திக் கேட்க முடியாது, கணக்கைக் காட்டச் சொல்ல முடியாது, பெண்ணிடம் வாலாட்டுகிறவனைத் தட்டிக் கேட்க முடியாது.

வாங்கிய கடனைக் கட்டாமல் போவது மட்டும் நியாயமா?

கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்கிறது சட்டம். அந்தக் கடன் ரத்தாகிவிடுகிறது. ரத்தான கடனுக்காகப் பணம் வாங்கினால், வாங்கியவர்தான் குற்றவாளி. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவர் தலையில்தான்.

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. நேர்மையாகக் கடன் அடைத்தே பழகியவர்களுக்கு அந்தக் கோபம் வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் வங்கியில் வீட்டுக் கடன் வாங்குகிறீர்கள். தவணை தவறினால் வங்கி வழக்குப் போடும், வீட்டை ஏலத்துக்கு விடும். "கடன் தீரும்வரை நீ எங்கள் கிளையில்தான் வேலை செய்ய வேண்டும், உன் மனைவியும் வந்து பெருக்க வேண்டும்" என்று சொல்லாது. சொன்னால் ஊரே சிரிக்கும். சூளையில் அதையே சொல்லும்போது மட்டும் நமக்கு அது வழக்கமாகத் தெரிகிறது. கடனுக்குச் சொத்தை ஈடு வைக்கலாம். ஆளை ஈடு வைக்க முடியாது என்பதுதான் அந்தச் சட்டத்தின் நிலை, நானும் அதில் முழு மனதோடு நிற்கிறேன்.

அதுவும் தவிர, மேலே சொன்ன நோட்டை நியாயமாக எழுதினால் பெரும்பாலான குடும்பங்கள் பாதி சீசனிலேயே கடனை அடைத்திருக்கும்.

நல்ல கூலி, நல்ல சாப்பாடு கொடுத்து வைத்திருந்தால்?

கூலி சரியாக இருந்து, போகும் உரிமை இல்லாவிட்டாலும் அது கொத்தடிமைதான். நான்கில் ஒன்று போனால் போதும் என்று மேலே சொன்னேனே, அதற்குப் பொருள் இதுதான்.

நெசவாளர்கள் வீட்டிலேயே தறி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எப்படி இதில் வருவார்கள்?

எல்லோரும் வரமாட்டார்கள். ஆனால் அந்த நான்காவது உரிமை எழுதப்பட்டிருப்பது இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தறி சொந்தம், வீடு சொந்தம், நேரமும் தன் கையில். ஆனால் பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பவர் முதலாளி, முன்பணம் கொடுத்தவரும் அவரே. நெய்த சேலை அவரிடம்தான் போக வேண்டும், அவர் சொல்வதுதான் கூலி. கடன் நிற்கும்வரை வேறொருவருக்கு நெய்ய முடியாது. தெருவில் பார்த்தால் சொந்தத் தொழில் செய்பவர் போலத் தெரிவார். தன் சேலைக்குத் தானே விலை சொல்லும் உரிமை அவரிடம் இருக்காது.

கூட்டுறவுச் சங்கங்கள் நெசவில் வேரூன்றியதற்கும் காரணம் இதுதான். கைத்தறி நெசவாளர் கூட்டுறவு நிறுவனமான கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தொடங்கியது. நூலுக்கும் விற்பனைக்கும் தனி முதலாளியை நம்பி நிற்க வேண்டாம் என்பதுதான் அடிப்படை யோசனை. எல்லாச் சங்கமும் ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். ஆனாலும் சங்கத்தில் உறுப்பினராக இருப்பவர் கேள்வி கேட்கலாம், கூட்டத்தில் எழுந்து பேசலாம். நூலும் முன்பணமும் கொடுக்கும் முதலாளியின், அதாவது மாஸ்டர் வீவரின், திண்ணையில் அப்படிப் பேச முடியாது.

பஞ்சாலைகளில் இளம் பெண்களுக்கு இருந்த 'சுமங்கலித் திட்டம்' இதில் சேருமா?

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்க நூற்பாலைகளில் மூன்று வருட ஒப்பந்தம் என்று பெண்களைச் சேர்த்து, விடுதியில் தங்கவைத்து, முடிவில் கல்யாணச் செலவுக்கு ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு அது. இங்கே முன்பணம் இல்லை. ஆனால் உழைத்த காசின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, இடையில் போனால் கிடைக்காது என்றால், அது பின்னாலிருந்து போடும் கட்டு. இரண்டரை வருடம் கழித்து உடம்பு முடியாமல் வீடு திரும்பும் பெண், தான் ஏற்கெனவே சம்பாதித்ததை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அனுமதியில்லாமல் விடுதி வாசலைத் தாண்ட முடியாது என்பதும் சேர்ந்தால், மேலே சொன்ன மூன்றாவது உரிமையும் போகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினையா? நம் தாத்தா காலத்தில் எல்லோரும் இப்படித்தானே இருந்தார்கள்?

இருந்தார்கள், எதிர்த்தும் இருந்தார்கள். தஞ்சைப் பகுதியில் பண்ணையாள் என்றால் பண்ணைக்கே உரியவர் என்று பொருள். எதிர்த்தால் சவுக்கடி, சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால். 1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற கம்யூனிஸ்ட்கள் அந்த மக்களோடு நின்று கட்டிய விவசாயச் சங்கங்கள்தான் அந்தக் கொடுமையை முறித்தன. 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது மேலிருந்து யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல.

இலங்கை மலையகத்தின் கதையைத் தெரிந்துகொண்டால் இன்றைய சூளை இன்னும் நன்றாகப் புரியும். இங்கிருந்து கங்காணிமார் (தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பவர்கள்) கூட்டிப்போன மக்கள், வழிச்செலவிலிருந்தே கடனோடுதான் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும், கடன் ஆட்களின் பெயரிலேயே தொடரும். ஒரு குடும்பம் எங்கே உழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாமலே துரைக்கும் கங்காணிக்கும் நடுவில் முடிவாகிவிடும். துண்டு முறையை 1921-இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இன்று ஒரு சூளை முதலாளி இன்னொருவரிடம் "பாக்கியைக் கொடுத்துட்டு ஆளைக் கூட்டிட்டுப் போ" என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வரும்.

நான் ஐடி கம்பெனியில் இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நானும் கொத்தடிமைதானே?

அந்தச் சொல்லை உங்களுக்குப் பயன்படுத்தமாட்டேன். நீங்கள் நாளையே ராஜினாமா செய்யலாம். பயிற்சிச் செலவு என்று ஒரு தொகை கேட்டு நோட்டீஸ் வரலாம், வழக்கு வரலாம். ஆனால் தனிப்பட்ட உழைப்பைச் செய்தே தீர வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் உங்களுக்கு உத்தரவிடாது. வேலையை விட்ட பின் வேறெங்கும் சேரக்கூடாது என்ற நிபந்தனை பொதுவாக இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவின் முன் நிற்காது. அதேசமயம், பாண்ட் தொகை எல்லாமே செல்லாது என்று நினைத்துவிடாதீர்கள். மூன்று வருடம் முடியும் முன் விலகிய அதிகாரியிடம் ஒரு பொதுத்துறை வங்கி 2 லட்சம் ரூபாய் வசூலித்ததை உச்ச நீதிமன்றம் 2025-இல் சரி என்றது.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு தரமறுப்பது மட்டும் வேறு விஷயம். சான்றிதழ் இல்லாமல் அடுத்த வேலைக்குப் போக முடியாது என்பது தெரிந்துதான் அதைச் செய்கிறார்கள். அதை விட்டுக்கொடுக்காதீர்கள், வழக்கறிஞரைப் பாருங்கள்.

மீட்டு வந்தாலும் மறுபடி அதே சூளைக்குத்தானே போகிறார்கள்?

சிலர் போகிறார்கள். இதைக் காட்டி "அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்" என்று சொல்வது எனக்கு மிகவும் வலிக்கும் பேச்சு.

மீட்கப்பட்டவர்களுக்கு விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். உடனடி உதவியாக 2016 மறுவாழ்வுத் திட்டத்தில் 20,000 ரூபாய் வரை என்று இருந்ததைப் பின்னால் 30,000 வரை உயர்த்தினார்கள். மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடுமையான நிலையில் இருந்தவர்களுக்கு 3 லட்சம். காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் 2016 திட்டம் பெரிய தொகையை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு கட்டிவிட்டது. வழக்கு இழுக்கும், தொகையும் இழுக்கும். குற்றம் நிரூபணமானால் தண்டனை மூன்று வருடம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். 1976-இல் எழுதிய அதே 2,000.

இதற்கிடையில் அந்தக் குடும்பத்துக்கு மனைப் பட்டா இல்லை. சாதிச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையைப் பள்ளி விடுதியில் சேர்க்க அலைகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் இரவில் ஐயாயிரம் ரூபாய் கைமாற்றுத் தரக்கூடிய ஒரே ஆள் பழைய மேஸ்திரிதான். அவர் தருவார், உடனே தருவார். அந்தப் பணம் வேறு எங்கிருந்தாவது கிடைக்கும் ஏற்பாடு இல்லாதவரை விடுதலை பாதியில் நிற்கிறது. பட்டா, ரேஷன் கார்டு, சான்றிதழ், சின்னக் கடன் தரும் ஒரு குழு, இவை விடுதலையின் பாகங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் சலுகைகள் அல்ல.

அந்த மக்கள் தாங்களே நடத்தி வெற்றி கண்ட வேலை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. இருளர்களையே எடுத்துக்கொள்வோம். பாம்பு பிடிப்பது அவர்கள் தலைமுறைகளாக அறிந்த வேலை. ஒரு காலத்தில் பாம்பைத் தோல் வியாபாரிக்கு விற்றார்கள், விலை வியாபாரி சொல்வதுதான். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதியும் நின்றதும் பிழைப்பு போயிற்று. அதன்பின் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது.

அங்கே போனால் பார்க்கலாம். மணல் போட்ட மண்பானைகள், வாயில் துணி கட்டி வரிசையாக இருக்கும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகை. கம்பியால் நிதானமாக வெளியே எடுத்து, தலையைப் பிடித்து, மெல்லிய உறை கட்டிய கண்ணாடிக் குடுவையைக் கடிக்க வைக்கிறார்கள். ஒரு பாம்பைச் சில வாரம் வைத்து, இடைவெளி விட்டு நான்கு முறை விஷம் எடுத்தபின், மறுபடி அதையே பிடித்துவிடாமல் இருக்க வயிற்றுச் செதிலில் அடையாளம் செய்து காட்டில் விட்டுவிடுகிறார்கள். இந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து செய்யும் நிறுவனங்கள் மருந்து தயாரிக்கின்றன. இருளர் பாம்பு பிடிப்பவர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது, வேலை மாறவே இல்லை என்பது. அதே காடு, அதே தடம் பார்க்கும் கண். பாம்பைக் கொல்ல வேண்டியதில்லை என்றானது, விலை பேசுவது சங்கம் என்றானது. குறையும் இருக்கிறது. வருடா வருடம் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்று அரசு அனுமதி வர வேண்டும், அது தாமதமானால் வருமானம் நின்றுவிடும். தங்கள் வேலை மீது முழு ஆளுமை இன்னும் வரவில்லை.

புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். ஒப்பந்ததாரர்களிடம் கட்டுண்டு கல் உடைத்த பெண்களின் குழுக்களுக்கே மாவட்ட நிர்வாகம் குவாரிகளைக் குத்தகைக்கு விட்டது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம், அதே பெண்கள் எழுத்துக் கற்றார்கள், சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். எழுத்தும் சைக்கிளும் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. லாரிக்கு எத்தனை லோடு போனது என்று தானே எழுதிக்கொள்ள எழுத்து வேண்டும், வீட்டுக்கும் குவாரிக்கும் வங்கிக்கும் யார் தயவும் இல்லாமல் போய்வர சைக்கிள் வேண்டும். நோட்டும் வழியும் இரண்டும் அவர்கள் கைக்கு வந்தன. பின்னால் அதிகாரிகள் மாறினார்கள், ஒப்பந்ததாரர்கள் சும்மா இருக்கவில்லை, அந்த ஆதரவு அப்படியே நிலைக்கவில்லை. ஆனாலும் முடியாது என்று யாராவது சொன்னால் புதுக்கோட்டையைச் சொல்லுங்கள்.

அப்படியென்றால் சொந்தத் தொழில் செய்பவருக்குத்தான் மரியாதையா? சம்பளத்துக்கு வேலை செய்வது குறைவா?

இல்லவே இல்லை. பேருந்து ஓட்டுநருக்கும் செவிலியருக்கும் அவரவர் வேலையில் முழு மரியாதை உண்டு. சொல்லப்போனால், மீட்கப்பட்ட எல்லோரிடமும் ஆளுக்கு நான்கு ஆட்டைக் கொடுத்து "இனி நீ தொழில்முனைவோர்" என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஆடு வளர்க்க விரும்புகிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். நல்ல கல் அறுக்கத் தெரிந்தவர் அதையே நியாயமான கூலிக்குச் செய்ய விரும்பலாம். திருவள்ளூர் மாவட்டத்தில் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களே நடத்தும் சூளை ஒன்றும் தொடங்கப்பட்டது. எதைச் செய்வது என்பதை அவர்களிடம் விட வேண்டும்.

நான் சின்ன முதலாளி. அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் ஆளே வராது. நான் என்ன செய்வது?

உங்கள் சிரமம் பொய்யல்ல. சீசன் நடுவில் ஆள் போய்விட்டால் உங்கள் கடனும் ஏறும். ஆனால் ஆளைப் பிடித்து வைக்க வேறு வழி இருக்கிறது. வாரா வாரம் முழுக்கூலியைக் கையில் கொடுங்கள். நோட்டு இரண்டு போடுங்கள், ஒன்று அவர்களிடம் இருக்கட்டும். கணவன் மனைவி இருவர் பெயரும் எழுதுங்கள். முன்பணம் கொடுத்தால், போகிறவரைத் தடுக்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். அப்படி நடக்கும் சூளைக்கு அடுத்த வருடம் ஆட்கள் தாங்களே தேடி வருவார்கள்.

சந்தேகம் வந்தால் யாரிடம் சொல்வது? நிரூபிக்க ஆதாரம் வேண்டுமா?

மாவட்ட ஆட்சியர் அல்லது வருவாய்க் கோட்டாட்சியர். விசாரிப்பது அவர்கள் கடமை. மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்பதும் சட்டம். பிள்ளைகள் வேலை செய்தால் குழந்தைகள் உதவி எண் 1098. இலவச சட்ட உதவிக்கு 15100, கொத்தடிமையாக இருந்தவருக்கு வருமானம் பார்க்காமல் அந்த உதவி உண்டு. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும்.

ஆதாரம் திரட்டுவது உங்கள் வேலையல்ல. ஃபரிதாபாத் கல்குவாரி வழக்கில் 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: கட்டாய வேலை வாங்குவது தெரிந்தால், அது முன்பணத்துக்காகத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லை என்று காட்டுவது முதலாளியின் பொறுப்பு. நீங்களே உள்ளே புகுந்து வீடியோ எடுத்துப் பரப்பாதீர்கள். அதிகாரிகள் வரும் முன்பே இரவோடு இரவாகக் குடும்பங்களை வேறு இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள்.

விசாரணையில் குடும்பத்தையும் முதலாளியையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து "உனக்கு இங்கே ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டால், "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். தனியாக, அவர்கள் பேசும் பேச்சில், பெண்களைத் தனியே உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கேட்க வேண்டியதும் வேறு கேள்வி: "நாளைக்கு ஊருக்குப் போக நினைச்சா போக முடியுமா?"

நான் வீடு கட்டுகிறேன். செங்கல் வாங்குகிறவனால் என்ன செய்ய முடியும்?

சூளைக்கு நேரில் போங்கள், கல்லின் தரம் பார்க்க எப்படியும் போவீர்கள். பள்ளி நேரத்தில் பிள்ளைகள் கல் புரட்டுகிறார்களா என்று பாருங்கள். கூலி வாரா வாரம் கொடுக்கிறீர்களா, சீசன் முடிவிலா என்று சாதாரணமாகக் கேளுங்கள், பலர் மறைக்காமல் சொல்வார்கள். மனதுக்குச் சரியாகப் படாவிட்டால் வேறு சூளையில் வாங்குங்கள், கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். சூளையின் பெயர், ஊர், ஏறத்தாழ எத்தனை குடும்பங்கள் என்பது எழுதினாலே போதும். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கி வையுங்கள்.